ஒலிநூலும் உரிமையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். வேலை செய்துகொண்டே யூடியூபில் கதை கேட்பேன். அப்படித்தான் உங்கள் நாவலை ஆறு நாளில் கேட்டு முடித்தேன். அதன் பிறகுதான், அனுமதி இல்லாமல் ஒலிவடிவில் போடுகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டு எழுதியதைப் பார்த்தேன். மனசு உறுத்துகிறது. நான் செய்தது தப்பா? பாரதி பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம் என்னும்போது உங்கள் கதையை மட்டும் யாரும் வாசிக்கக் கூடாதா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

கேட்டதில் உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆறு நாள் என் நாவலோடு இருந்ததற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நானும் அதைப் போட்டுக் கேட்டேன். வாசிப்பது இயந்திரக் குரல். அம்மா சாகும் அத்தியாயம். "அவள் கையை எடுத்து" என்றதும் அதே குரல் நிதானமாக "நூற்றுப் பதினேழு" என்கிறது. அடுத்து நாவலின் பெயர். அப்புறம் "நெஞ்சில் வைத்துக்கொண்டேன்". யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃபை, பக்க எண்ணும் தலைப்பும் உள்பட, அப்படியே மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

சரி, பாரதிக்கு வருவோம். அவர் பாட்டு சும்மா பொதுச்சொத்தாகிவிடவில்லை. 1921இல் அவர் இறந்த பிறகு கிராமபோன் பரவலானது, வானொலியும் பேசும்படமும் ஒவ்வொன்றாக வந்தன. பாட்டை ஒலிப்பதிவு செய்யும் உரிமை புத்தக உரிமையிலிருந்து பிரிந்து தனியாக விலைபோனது. கைமாறி, ஏ.வி.எம். ஸ்டுடியோவை நிறுவிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. காணி நிலம் கேட்டவருடைய பாட்டுக்கே பட்டா மாறிக்கொண்டிருந்தது! 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டபோது, தன்னிடம் இருந்ததைச் செட்டியார் காசு வாங்காமல் கொடுத்தார். பாட்டு மக்களுக்கென்று ஆனது 1955இல்.

புதுக் கருவி ஒன்று வரும்போதெல்லாம் எழுத்திலிருந்து புதிதாக ஓர் உரிமை முளைக்கிறது. எழுதியவன் கவனிப்பதற்குள் அது வேறு யார் கைக்காவது போய்விடுகிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

நீங்கள் கேட்ட நாவலை 1998இல் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். ஒப்பந்தம் என்பது லெட்டர்பேடில் நான்கு வரி. 'மேற்படி நாவலின் சகல உரிமைகளையும்' என்று ஆரம்பித்து, கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் என் கையெழுத்து. 2019இல் ஒலிநூல் செயலி ஒன்றிலிருந்து நாவலைக் கேட்டார்கள். பதிப்பகத்தார் அந்தப் பழுப்பேறிய தாளை நீட்டினார்கள். சகலம் என்றால் ஆடியோவும் சேர்த்துத்தானே என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீல் நண்பர் ஒருவர் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷத்துக்குன்னு எங்கேய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் ஐந்து வருடம்தான் செல்லும் என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். அதாவது 2003இலேயே நாவல் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. பதினாறு வருடம் எனக்கே அது தெரியவில்லை.

2012இல் வந்த திருத்தம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தது. கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத, அல்லது வியாபாரத்துக்கு வராத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பிட்டே எழுதியிருந்தால் ஒழிய. பதிப்பாளர்களும் சும்மா இருப்பார்களா? சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த ஒப்பந்தத்தில் 'ஒலி, ஒளி, மின்னூல், செயற்கைக் குரல், இனி கண்டுபிடிக்கப்படும் அனைத்து வடிவங்களும்' என்று இருந்தது. அந்தக் கடைசிச் சொற்களை அடித்துவிட்டு அனுப்பச் சொன்னேன். காலத்தையும் எழுதிவாங்கச் சொன்னேன்.

அதற்காகச் சட்டம் முழுக்க நியாயமானது என்று சொல்ல வரவில்லை. எழுதியவர் செத்து அறுபது வருடம் வரை உரிமை என்பது எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. முன்பு ஐம்பதுதான். தாகூர் இறந்தது 1941இல். அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்த அவருடைய உரிமை 1991 முடிவில் தீரவிருந்தது. அதற்காகவே 1991 டிசம்பர் கடைசியில் அவசரச் சட்டம் போட்டு எல்லோருக்கும் பத்து வருடம் கூட்டினார்கள். என் பேரன் என் கதைகளை வைத்துச் சாப்பிடுவான் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

வாசிக்கவே கூடாதா என்று கேட்கிறீர்கள். ஒரு கூட்டத்தில் என் கதையிலிருந்து நாலு பத்தி வாசித்தால் அதற்கு என்னைக் கேட்கவே வேண்டாம், சட்டமே இடம் கொடுக்கிறது. முழு நாவலையும் விளம்பரத்தோடு போடுவது வேறு. போன வருடம் ஒரு பள்ளி ஆசிரியை மூன்று கதைகளை வாசித்துப் போடலாமா என்று கேட்டு எழுதினார். அன்றைக்கே சரி என்றேன், காசு பேசவில்லை. அவர் குரலில் கேட்டபோது, ஒரு கதையில் நான் கவனிக்காமல் விட்ட வேடிக்கை ஒன்று எனக்கே பிடிபட்டது.

அந்த யூடியூப் சேனலுக்கு நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நாவலை நானே வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டேன், இருமல்தான் படுத்துகிறது. முடிந்ததும் சுட்டி அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: அந்த "நூற்றுப் பதினேழு" வந்த இடத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள்?