பில், ஆர்டர் மெயில் எல்லாம் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழுகிறது. எஸ்பிஎஃப் போட்டும் ஏன் இப்படி?

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பட்டியல்) போட்டாச்சு, இருந்தும் மெயில் ஸ்பேமுக்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன நிறுவனங்களுக்கு டொமைன், மெயில் வேலை செய்துதருவதுதான் என் பிழைப்பு. இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எஸ்பிஎஃப் பாஸ் ஆகித்தான் இருக்கும். ஆனால் உங்கள் டொமைனுக்கு அல்ல, மெயில் அனுப்பித் தரும் சேவையின் டொமைனுக்கு!

முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். பில் மென்பொருளிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இது என்ன என்று கீழே சொல்கிறேன்) என்று வரும். டிகிம் பக்கத்தில் எந்த டொமைன் இருக்கிறது என்பதையும், கீழே 'ரிட்டர்ன் பாத்' வரியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டிலுமே உங்கள் டொமைன் இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-இல் வந்தது. அனுப்புநர் யார் என்று சரிபார்க்க அதில் வழியே கிடையாது. ஒரு மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரி உண்டு, தபாலில் உறைமேல் ஒன்றும் உள்ளே லெட்டர்ஹெட்டில் ஒன்றும் இருப்பதுபோல. எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை, அதாவது 'ரிட்டர்ன் பாத்' முகவரியை. வாடிக்கையாளர் பார்ப்பது உள்ளே இருக்கும் 'ஃப்ரம்' முகவரியை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேட்பதுதான் டிமார்க். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஏதாவது ஒன்று பாஸ் ஆகி, அந்த டொமைன் 'ஃப்ரம்' டொமைனோடு பொருந்தினால் போதும். அது நடக்காதபோது, வெறும் எஸ்பிஎஃப் பாஸால் பெரிய பயன் இல்லை.

அதனால் உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அலுவலக மெயில், வெப்சைட்டின் ஆர்டர் மெயில், பில் மென்பொருள், விளம்பர மெயில் சேவை... கணக்கு எழுதுபவர் தனியாக ஏதாவது வைத்திருப்பார், அவரையும் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் 'டொமைன் ஆதென்டிகேஷன்' என்று ஒரு பக்கம் இருக்கும். அது தரும் டிகிம் ரெக்கார்டுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான விவரங்களைப் பதிந்துவைக்கும் இடம்) சேர்க்க வேண்டும். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் என்றால் ரெக்கார்டு சேர்த்ததோடு வேலை முடியாது. அட்மின் பக்கத்துக்குத் திரும்பி வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்த வேண்டும். நிறையப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எஸ்பிஎஃப் இருந்தாலும் டிகிம் கட்டாயம் வேண்டும் என்பேன். உங்கள் வாடிக்கையாளர் தன் அலுவலக மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், நடுவில் இருக்கும் சர்வர் உங்கள் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது, அங்கே அது ஃபெயில்தான். டிகிம் கையெழுத்து மெயிலுக்குள்ளேயே பயணிப்பதால், வழியில் யாரும் உள்ளடக்கத்தை மாற்றாதவரை தாங்கும்.

எஸ்பிஎஃப்பில் இன்னொரு பொறி: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் ஒன்று, அப்புறம் மெயில் சேவைக்காரர் ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இணையுங்கள். அந்த வரி 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் கேட்டாலும் செல்லாது, எனவே பயன்படுத்தாத பழைய சேவைகளை நீக்குங்கள்.

கடைசியில் டிமார்க் ரெக்கார்டு. 'நன்' (none, எதையும் தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும்) நிலையில் தொடங்கி, அறிக்கை வர ஒரு மெயில் முகவரி கொடுங்கள். அறிக்கை எக்ஸ்எம்எல்லில் வரும், கண்ணால் படிக்க முடியாது. அதைப் பிரித்துக் காட்டும் இலவசச் சேவைகள் உண்டு. தாளில் எழுதாமல் விட்ட சேவை இருந்தால் இங்கே தலைகாட்டும். எல்லாம் ஒழுங்கான பிறகு 'குவாரன்டைன்' (பொருந்தாத மெயிலை ஸ்பேமில் போடச் சொல்வது), பிறகு 'ரிஜெக்ட்' (ஏற்காமல் திருப்பச் சொல்வது). முதல் நாளே 'ரிஜெக்ட்' போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள், உங்கள் பில்லே திரும்பி வரும்.

கூகுளும் யாஹூவும் பிப்ரவரி 2024 முதல் இதையெல்லாம் கண்டிப்பாகக் கேட்கின்றன. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் சுமார் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றுமே வேண்டும். குறைவாக அனுப்புபவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டும் மே 2025 முதல் பெரிய அளவில் அனுப்புபவர்களிடம் அதே மூன்றையும் கேட்கிறது.

ஜிமெயில் முகவரியை 'ஃப்ரம்' ஆக வைத்து விளம்பரச் சேவை வழியாக அனுப்பிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த டொமைன் உங்களுடையது இல்லை, டிமார்க் பாஸ் ஆகவே ஆகாது.

இத்தனையும் செய்த பிறகும் ஆடித் தள்ளுபடி மெயில் மட்டும் ஸ்பேமுக்குப் போனால் அது ரெக்கார்டு சிக்கல் அல்ல, வாங்குபவர்கள் 'ஸ்பேம்' பட்டனை அழுத்துகிறார்கள். அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். கூகுளின் 'போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்' பக்கத்தில் உங்கள் நிலவரம் தெரியும், ஆனால் அனுப்பும் அளவு குறைவு என்றால் அங்கே ஒன்றும் காட்டாது. விளம்பரத்துக்கு ஒரு சப்டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணைப் பெயர்), பில்லுக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். விளம்பரத்தால் வரும் கெட்ட பெயர் பில்லைப் பிடிப்பது குறையும்.

'ஷோ ஒரிஜினல்' பார்த்துவிட்டு, மூன்றிலும் என்ன வந்தது என்று கமெண்டில் போடுங்கள். டொமைன் பெயரை மறைத்துப் போட்டாலும் சரி, எது பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம்.