கதை சொல்லப் போகும் முன்: கேள்வி பதில்

கேள்வி (ஓசூர்): சார், ஹாலிவுட்ல ஏஜென்ட் மூலமாத்தான் ஸ்கிரிப்ட் போகும்னு சொல்றாங்க. கோடம்பாக்கத்துல அப்படி யாராவது இருக்காங்களா?

பதில்: அங்கே பெரிய ஸ்டுடியோக்கள் பொதுவாக ஏஜென்ட் வழியாக வராத ஸ்கிரிப்டைப் பிரித்தே பார்க்காது. பிற்பாடு ‘என் கதை’ என்று வழக்கு வருமோ என்ற பயம். இங்கே எழுத்தாளருக்கு ஏஜென்ட் என்ற வழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. அந்த வேலை பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தில் கதை கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஒருவர் (கிரியேட்டிவ் ஹெட், எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர்), ஹீரோவின் மேனேஜர், ஹீரோ நம்பும் கேமராமேன் அல்லது எடிட்டர், நீங்கள் உதவியாளராக இருந்த இயக்குநர். இவர்களில் ஒருவர் “ஒருதடவை கேளுங்க” என்று சொன்னால்தான் பெரும்பாலும் கதவு திறக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே கதையைக் கேட்டாலும் காது வேறு வேறு. மேனேஜர் மனதில் ஓடுவது கால்ஷீட் எத்தனை நாள், கம்பெனி யாருடையது, ஹீரோவின் போன படத்தின் சாயல் இருக்கிறதா என்பது. தயாரிப்பாளர் செலவையும் எந்த ஹீரோவுக்குப் போகும் என்பதையும் கணக்குப் போடுவார். ஹீரோ தன் பாத்திரம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே அவமானப்படுகிறது என்று பார்ப்பார். மூவருக்கும் ஒரே மாதிரி சொல்வதால்தான் பல நல்ல கதைகள் முதல் மேஜையிலேயே நின்றுபோகின்றன.

கேள்வி (தேனி): ஒன்லைன் கேட்டா எவ்வளவு சொல்லணும்? நான் சொன்னா “இதுல கதை எங்க இருக்கு”ன்னு கேக்கறாங்க.

பதில்: ஒன்லைன் என்பது கதையின் முடிச்சை மட்டும் சொல்லும் மூன்று வாக்கியம். நாற்பது வினாடிக்குள் முடிய வேண்டும். பலர் ஒன்லைன் என்று சொல்வது கருத்து. “பேராசையால உறவுகள் எப்படிச் சிதையுதுன்னு சொல்ற குடும்பக் கதை சார்.” இதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டத்தான் முடியும்.

அதே கதையை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தம்பி செத்துட்டான்னு சர்டிஃபிகேட் வாங்கி அவன் நிலத்தை வித்துட்ட ஒரு வாத்தியார், அந்தத் தம்பியோட பொண்ணு கல்யாணத்துல மொய் எழுத உக்காந்திருக்கார். வரிசையில ஒருத்தன் வந்து தம்பியோட பேரையே சொல்லி 101 ரூபா நீட்டறான். பந்தி முடியறதுக்குள்ள அவன் யாருன்னு வாத்தியார் கண்டுபிடிச்சாகணும், இல்லேன்னா மேடையிலேயே மாட்டுவார்.”

யார், என்ன தப்பு, என்ன நெருக்கடி, எவ்வளவு நேரம் என்று நான்கும் வந்துவிட்டன. முக்கியமாக, கேட்டவர் “வந்தவன் யாரு?” என்று வாய்விட்டுக் கேட்பார். அந்தக் கேள்வி வராத ஒன்லைனைத் திரும்ப எழுதுங்கள். ‘அந்தப் படமும் இந்தப் படமும் கலந்த மாதிரி’ என்ற ஒப்பீடு வேண்டாம். இரண்டில் ஒன்று ஓடாத படமாக இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

கேள்வி (விழுப்புரம்): ஒன்லைனும் ஒன்லைன் ஆர்டரும் ஒண்ணுதானா? கையில என்னென்ன பேப்பர் வச்சிருக்கணும்?

பதில்: வேறு வேறு. ஒன்லைன் மேலே சொன்னது. ஒன்லைன் ஆர்டர் என்பது முழுப் படத்தின் சீன் வரிசை: சீன் எண், இடம், பகல் அல்லது இரவு, யார் யார், என்ன நடக்கிறது என்று சீனுக்கு ஒன்றிரண்டு வரி. இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு 60 முதல் 80 சீன் வரை வரும். பட்ஜெட் போடுகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு பக்கச் சுருக்கம், நான்கைந்து பக்க சினாப்சிஸ் (கொஞ்சம் விரிவான கதைச் சுருக்கம்), ஒன்லைன் ஆர்டர், வசனத்தோடு பவுண்ட் ஸ்கிரிப்ட். இவ்வளவும் தயாரான பிறகு போன் போடுங்கள். கதை பிடித்துப்போய் “ஸ்கிரிப்ட் அனுப்புங்க” என்பார்கள். ‘எழுதிட்டிருக்கேன் சார்’ என்று இரண்டு மாதம் இழுத்தால் சூடு ஆறிவிடும். ஓடிடி நிறுவனங்களில் முடிவெடுப்பவர் மும்பையில் இருந்தால் சினாப்சிஸ் ஆங்கிலத்திலும் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கு ஆங்கில ஸ்கிரிப்ட் வடிவத்துக்குச் சொன்னது. தமிழ் எழுத்துருவில் அதே சீன் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால் பக்கத்தை வைத்துப் படத்தின் நீளத்தைச் சொல்லாதீர்கள்.

கேள்வி (சாலிகிராமம், உதவி இயக்குநர்): அண்ணே, அடுத்த வாரம் ஒரு ஹீரோகிட்ட நரேஷன், முழுக் கதையையும் வாயால சொல்லணும். ரெண்டு மணி நேரம் கொடுத்திருக்காங்க. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

பதில்: தம்பி, இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஒன்றே முக்காலில் முடியும்படி தயார் செய். இடையில் போன் வரும், மேக்கப்மேன் வருவார், சாப்பாடு வரும்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஹீரோ பாத்திரம் வந்துவிட வேண்டும். ஊரின் வரலாறு, வில்லனின் அப்பா கதை என்று கால் மணி நேரம் போனால், கேட்கிறவர் ‘நான் எப்ப வர்றேன்’ என்று காத்திருப்பாரே தவிர கதைக்குள் வர மாட்டார். முதல் பாதிக்கு 55 நிமிடம், இடைவேளைக் காட்சிக்கு மட்டும் முழுதாக ஐந்து நிமிடம், இரண்டாம் பாதிக்கு 40, கிளைமாக்ஸுக்கு ஐந்து. இரண்டாம் பாதியைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குள் பாத்திரங்கள் பழகியிருக்கும், அறிமுகம் தேவைப்படாது. தவிர, கேட்பவரும் களைத்திருப்பார்.

பேப்பரைப் பார்த்து வாசிக்காதே. அதற்காக மனப்பாடமும் செய்யாதே. நடுவில் ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் அறுந்துவிடும். சீன் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மடியில் வைத்துக்கொள். போன் வந்து அவர் எழுந்து போனால், திரும்பி வந்ததும் “எங்க விட்டேன்?” என்று அவரைக் கேட்காதே. விட்ட சீனுக்கு ஒரு சீன் முன்னால் போய் ஒரே வரியில் எடு: “வாத்தியார் மொய் நோட்டை மூடிட்டு எழுந்தாரில்ல...” என்று.

‘டாப் ஆங்கிள்ல ட்ரோன் இறங்குது’ என்கிற ஷாட் விவரம், வாயாலேயே பின்னணி இசை, பாட்டுக்கு லொகேஷன் எல்லாம் நேரத்தைத் தின்னும். பாட்டு வருமிடத்தில் “இங்க ஒரு பாட்டு, பாட்டு முடியும்போது ரெண்டு பேரும் பேசறதில்லை” என்று கதை எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் சொல். வசனத்தில் நன்றாக வந்த ஐந்தாறை அப்படியே பேசிக் காட்டு. மீதியைச் சுருக்கு. சிரிப்புக் காட்சி சொல்லும்போது நீயே முதலில் சிரித்துவிடாதே. இது சின்ன விஷயம்தான், ஆனால் நரேஷனைக் கெடுப்பதில் இதற்கு நிகர் இல்லை.

போகும் முன் குறைந்தது மூன்று பேரிடம் முழுசாகச் சொல்லிப் பார். அதில் ஒருவராவது சினிமாவுக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். எங்கே அவர் மொபைலை எடுக்கிறாரோ அந்த சீனைக் குறித்து வை.

கேள்வி (கோவை): தயாரிப்பாளர்கிட்டயும் ரெண்டு மணி நேரம் சொல்லணுமா?

பதில்: முதல் சந்திப்பில் இருபது நிமிடம். ஒன்லைன், ஹீரோ அறிமுகம், இடைவேளை, கிளைமாக்ஸ். கிளைமாக்ஸை ஒளித்து வைத்து “படத்துல பாருங்க” என்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போடுகிறவருக்கு முடிவு தெரியாமல் எப்படி? கூடவே ஒரு பக்கக் கணக்கு: எத்தனை ஊர், எத்தனை நாள், அதில் எத்தனை இரவு, பெரிய கூட்டம் தேவைப்படும் நாள் எத்தனை. மேலே சொன்ன மொய்க் கதை என்றால் ‘ஒரே மண்டபம், ஆனா எல்லா நாளும் 150 பேர் கூட்டம்’ என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். ஒரே இடம், அதனால் சின்ன பட்ஜெட் என்று சொல்லி, அவர் துணை நடிகர் சம்பளத்தையும் சாப்பாட்டையும் கணக்குப் பார்த்துப் பிடித்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். மொத்த பட்ஜெட் இத்தனை கோடி என்று நீங்கள் சொல்ல வேண்டாம்.

கேள்வி (சேலம்): கதையைச் சொன்னா திருடிடுவாங்களோன்னு பயமா இருக்கு. ரெஜிஸ்டர் பண்ணா போதுமா?

பதில்: என்ன பதிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் ஐடியாவுக்கு, கருவுக்கு காப்பிரைட் கிடையாது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டவர் அதில் தோற்றார். கரு ஒன்றாக இருக்கலாம், அதைச் சொன்ன விதம் கணிசமாக நகலாக இருந்தால்தான் மீறல் என்பது தீர்ப்பு. ஆகவே ஒரு பக்கச் சுருக்கத்தைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காட்சி, திருப்பம், பாத்திர விவரம் எல்லாம் உள்ள முழு ஸ்கிரிப்டைப் பதியுங்கள்.

வழிகள் இரண்டு. மத்திய அரசின் காப்பிரைட் அலுவலகத்தில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்துக்கான எண்) உடனே கிடைக்கும், யாராவது ஆட்சேபித்தால் அதற்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, அதன் பிறகுதான் பரிசீலனை. இன்னொன்று எழுத்தாளர் சங்கப் பதிவு. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. மும்பையின் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் இணையத்திலேயே பதியலாம். 2018இல் ‘சர்க்கார்’ படத்தின் கதை தன்னுடையது என்று ஒரு எழுத்தாளர் சொன்ன விவகாரத்தில் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக இருந்தது 2007இல் அவர் சங்கத்தில் பதிந்த கதைதான். அது உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, டைட்டிலில் அவர் பெயரைப் போடுவதில் முடிந்தது.

பதிவைவிடப் பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில்: கதை சொன்னதற்கே ஆதாரம் இருக்காது. நரேஷன் முடிந்த அன்று மாலையே ஒரு மெயில் போடுங்கள். “இன்று உங்கள் அலுவலகத்தில் ‘101’ என்ற தலைப்பிலான கதையைக் கேட்டதற்கு நன்றி. சுருக்கத்தை இணைத்துள்ளேன்.” இரண்டு வரி போதும். அவரும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார். புதுமுகம் போய் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் மட்டும் சந்திப்பே ரத்தாகிவிடும்.

கேள்வி (புதுச்சேரி): டைரக்ஷன் ஆசை இல்லை, எழுத்து மட்டும்தான். கதையை மட்டும் விற்க முடியுமா?

பதில்: முடியும், கஷ்டம். தயாரிப்பாளரின் முதல் கேள்வியே “டைரக்டர் யாரு?” என்பதாக இருக்கும். எனவே நீங்கள் கதை சொல்ல வேண்டியது இயக்குநர்களிடம், அதிலும் ஒரு படம் முடித்து அடுத்த படத்துக்குக் கதை தேடுபவர்களிடம். ஓடிடி தொடர்களுக்கு எழுத்தாளர் குழு வைத்து எழுதும் வழக்கம் வந்திருக்கிறது, அந்தப் பக்கமும் முயலுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): “சொல்றோம்”னு சொல்லிட்டு ஒரு மாசம் ஆச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?

பதில்: பெரும்பாலும் ‘வேண்டாம்’. இருபது நாள் கழித்து ஒரு செய்தி, இன்னொரு மாதம் கழித்து ஒன்று, அதோடு நிறுத்துங்கள். அதற்குள் வேறு கம்பெனியில் சொல்லலாம்; அட்வான்ஸ் வாங்காதவரை யாருக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை.

கேள்வி (மதுரை): 10,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்து ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறாங்க. போடலாமா?

பதில்: வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அதுவே பதில். காப்பிரைட் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்த ‘வேறு மாதிரி’ வரிதான் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்: ‘என்றென்றைக்கும், உலகம் முழுக்க, எல்லா மொழியிலும், இப்போதுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகத்திலும்’. 10,000 ரூபாய்க்கு அதைக் கொடுக்காதீர்கள். 12 மாதம், அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் கதை உங்களுக்கே திரும்பும், டைட்டிலில் ‘கதை’ என்று உங்கள் பெயர், மீதித் தொகை எந்தெந்தக் கட்டத்தில் என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெரிய ஹீரோகிட்ட கதை சொல்ல வைக்கறேன்னு ஒருத்தர் 25,000 கேக்கறார்.

பதில்: கொடுக்காதீர்கள். கதை விற்றபின் கமிஷன் கேட்டால் பேசலாம். முன்பணம் கேட்பவரிடம் ஹீரோவின் மேனேஜரை லைனில் போடச் சொல்லிப் பாருங்கள், அன்றோடு அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.