எந்தப் பறவைப் புத்தகம் வாங்கலாம்?

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் பாரூர் ஏரிக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் பறவை பார்க்கப் போவேன். புகைப்படங்கள் நிறைந்த பெரிய புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். அணைக்கரையில் பார்த்த பழுப்புப் பருந்து அதிலுள்ள எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. வால் நுனி வட்டமாக இருந்தது. வேறு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

வட்ட வால் என்றால் அது அனேகமாகச் செம்பருந்தின் இளம்பறவை. வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் வளர்ந்த பிறகுதான் வரும். அதுவரை கள்ளப்பருந்து போலவே பழுப்பாகத் திரியும். ஆனால் கள்ளப்பருந்தின் வால் நுனி பிளவுபட்டிருக்கும். உங்கள் புத்தகத்தில் வளர்ந்த பறவை மட்டும் இருந்திருக்கும். புகைப்படப் புத்தகங்களின் வழக்கமான குறை இது. ஓவியர் என்றால் ஆண், பெண், குஞ்சு, பறக்கும் கோலம், ஏமாற்றும் உறவினர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரைந்துவிடுவார். ஆகவே ஓவியப் படங்கள் உள்ள கையேட்டையே வாங்குங்கள்.

கடையில் மயிலையும் மீன்கொத்தியையும் புரட்டிப் பார்த்து மயங்காதீர்கள்; அவை எந்தப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். ஊதாத் தேன்சிட்டைத் தேடுங்கள். இனப்பெருக்கக் காலம் போனதும் ஆண் தன் மினுமினுப்பை உதிர்த்துவிட்டு, மஞ்சள் வயிறும் தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கருங்கோடுமாக, ஏறக்குறைய பெண்ணைப் போல ஆகிவிடும். அந்தக் கோலத்தையும் வரைந்திருந்தால் நம்பி வாங்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பறவையும் எங்கெங்கே வாழ்கிறது என்று காட்டும் பரவல் வரைபடம். படத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னட்டைப் பக்கம் போய்த் தேடும்வரை பறவை காத்திருக்காது. மஞ்சள்தொண்டைச் சின்னான் உங்கள் மாவட்டத்தைப் போன்ற பாறையும் புதரும் உள்ள குன்றுகளில் மட்டும் அங்கங்கே வாழ்வது. அதற்குத் தென்னிந்தியா முழுக்க ஒரே வண்ணம் பூசியிருந்தால் மற்ற வரைபடங்களையும் சந்தேகிக்கலாம்.

இந்தியாவில் 1,300க்கு மேற்பட்ட பறவையினங்கள் உண்டு. நாடு முழுவதற்குமான புத்தகத்தில் இமயமலைக் கதிர்க்குருவிகளுக்கு நடுவே பாரூர்ப் பறவையைத் தேடுவது வீண் வேலை. கிரிம்மெட்டும் இன்ஸ்கிப்பும் சேர்ந்து 2005இல் கொண்டுவந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா’ உங்களுக்குப் போதும். 1941இல் முதலில் வெளிவந்த, பறவையியலாளர் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் பறவைகளின் குணம் அறிய இன்றும் அருமையானது. அது வீட்டில் இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களுக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியா பதிப்பகத்தின் பறவைக் கையேட்டைப் பார்த்து, ஆங்கிலக் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.