ரெய்டு 1-இலிருந்து ரெய்டு 5: அழிக்காமல் மாற்றலாம், ஆனால் முதலில் நகல்

வணக்கம் அண்ணா. நான்கு டிஸ்க் போடும் சினாலஜி நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) இரண்டு 4 டிபி டிஸ்க் ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும் முறை) ஓடுகிறது, இடம் நிரம்பிவிட்டது, ஒரு 6 டிபி வாங்கிப் போட்டால் ரெய்டு 5-க்கு மாறி 10 டிபி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாற்றலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் கிடைப்பது 8 டிபிதான். ரெய்டு 5 எல்லா டிஸ்க்கையும் ஆகச் சிறியதன் அளவுக்கே எடுத்துக்கொள்ளும், அதிலும் ஒரு டிஸ்க் அளவு இடம், ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவை மீட்பதற்காகப் போய்விடும். 6 டிபியில் 2 டிபி சும்மா கிடக்கும். திரையில் ஏறக்குறைய 7.2 என்று காட்டும், பயப்படாதீர்கள், டிஸ்க் தயாரிப்பாளரும் சினாலஜியும் டிபியைக் கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். லோயாட் பிளாசாவில் வாங்கும்போது சிஎம்ஆர் டிஸ்க்கா (தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வகை) என்றால் வேண்டாம், இந்த வேலையில் அது ஊர்ந்து போகும்.

உங்கள் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருப்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து முதலில் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். ரெய்டு காப்பு நகல் ஆகாது. அப்புறம் பழைய இரண்டு டிஸ்க்கும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டுக்கும் ஸ்மார்ட் நீள்சோதனை ஓட்டுங்கள்.

மாற்றம் ஒரு நாளுக்கு மேல்கூட ஓடும். செந்தூலில் என் வீட்டில் பாதியில் இடி இடித்து மின்சாரம் போனது. யுபிஎஸ் (மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) இருந்ததால் தப்பித்தேன். கேஎல் சாயங்கால மழையை நம்பாதீர்கள்.

முடிந்தும் இடம் கூடவில்லை என்றால், சினாலஜியின் ஸ்டோரேஜ் மேனேஜரில் வால்யூமை (கோப்புகள் இருக்கும் பகுதி) தனியாக விரிவாக்குங்கள்.