பதினெட்டு பேர் கையும் ஒரு போண்டாவும்

வணக்கம் மேடம்,

நாங்கள் பெங்களூரு ஜீவன் பீமா நகரில் இருக்கிறோம். ஏப்ரலில் என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். இந்த முறை ஹால் பிடிக்காமல், குடும்பத்தோடு எங்காவது வெளியே போய் ஒரு பகல் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மொத்தம் 18 பேர். எங்கள் போண்டாவும் வருகிறாள். லாப்ரடார், ஐந்து வயது, 36 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. லாப் என்றால் கொஞ்சம் பூசினாற்போலத்தானே இருக்கும்? தம்பியின் ஷிட்சூவும் வரும், ஆறு கிலோ. சாப்பாடு வீட்டிலிருந்தே: சர்க்கரைப் பொங்கல், மெதுவடை, தயிர்சாதம், சிக்கன் பிரியாணி, கேக்.

நாய்களை அனுமதிக்கும் இடம் எது? போண்டாவுக்குத் தொப்பி போட்டு, தனி கேக் வாங்கலாமா? இன்னொன்று. அம்மா எல்லாவற்றிலும் ஒரு வாய் அவளுக்குக் கொடுக்காமல் சாப்பிட மாட்டார். "வாயில்லா ஜீவன், பாத்துக்கிட்டே இருக்கு பாவம்" என்பார். அவரை எப்படித் தடுப்பது?

ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

இடத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்குப் பேச அதிகம் இல்லை. லால்பாகில் நாய்க்கு அனுமதி கிடையாது. கப்பன் பூங்காவில் கயிற்றோடு கூட்டிப் போகலாம். நாய்களுக்கென்றே ஒரு பகுதியும் அங்கே உண்டு. ஆனால் 18 பேர் பிரியாணி அண்டாவோடு போய் உட்காருகிற இடம் அது இல்லை. காட்டுப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். சரணாலயத்துக்குள் நாயை விடாதது வனத்துறையின் முரட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2018-ல் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. 'கேனைன்' என்றால் நாய். பெயரே சொல்கிறது, நாய்களின் நோய்.

மிச்சம் இருப்பது பண்ணைவீடு. கனகபுரா சாலையிலோ நந்தி மலைப் பக்கமோ பாருங்கள். 'பெட் ஃப்ரெண்ட்லி' என்ற பலகையை நம்பாமல் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். சுற்றுவேலி எங்கும் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா? நீச்சல் குளம் இருந்தால் நாய் ஏறி வரப் படி இருக்கிறதா? (செங்குத்து ஏணி நாய்க்குப் பயன்படாது. லாப் தானாகக் குதிக்கும், தானாக ஏறாது.) அவர்களுடைய சொந்த நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டிருக்குமா? நந்திப் பக்கம் என்றால் வழியிலேயே ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் அன்று, அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரு மருத்துவரின் எண் கையில் இருக்கட்டும்.

தொப்பி? ரப்பர் நாடா தாடைக்கடியில் உறுத்தும். போட்டோ எடுக்கும் ஒரு நிமிடத்துக்கு மாட்டிவிட்டுக் கழற்றுங்கள். தனி கேக் உங்கள் மனசு குளிரத்தான், போண்டாவுக்கு அல்ல. பலூன் வெடித்தால் ரப்பர் துண்டுகளைப் பொறுக்குவது யார் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பது பழைய நினைப்பு. 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி பதிவானது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஷிட்சூவுக்கு மூக்கே அரை மூக்கு, அதனால் முதலில் விழுவது அதுதான். காலை ஆறரைக்குக் கிளம்பி, பதினொன்று முதல் நாலு வரை இரண்டையும் நிழலில் வையுங்கள். போண்டாவுக்கு மட்டும் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் டிபன் சாப்பிட நிறுத்தும்போது "அஞ்சு நிமிஷம்தானே" என்று காரில் வைத்துப் பூட்டாதீர்கள். வெளியே 30 டிகிரி இருந்தால் பத்து நிமிடத்தில் உள்ளே 40. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றமில்லை. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அப்போதே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். பிறகுதான் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து மனதில் நிற்பவர் அவர்தான்.

"எப்படித் தடுப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் தடுக்க வேண்டும்? காக்கைக்கு வைக்காமல் சாப்பிட உட்காராத வீட்டில் வளர்ந்தவராக இருப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் உயிருக்குக் கொடுக்காமல் தின்றால் வயிறு வலிக்கும் என்று நம்புகிறவரிடம் போய்க் கலோரிக் கணக்கு பேசினால், "நாய்க்கு ஒரு வாய் சோறு போட இந்த வீட்ல வழியில்லையா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறந்தநாள் பாழ். அவர் சொல்வதில் ஒரே ஒரு திருத்தம்தான் எனக்கு. லாப்ரடார் வாயில்லா ஜீவன் இல்லை. அதற்கு வாய் மட்டும்தான் இருக்கிறது, 'போதும்' என்ற சொல்தான் இல்லை.

இது கேலி இல்லை. 2016-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கண்டார்கள். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள மரபணு அது. போண்டா உங்களைப் பார்க்கும் அந்தப் பார்வையைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படி பிரியாணி தின்று முடித்த பிறகும் அதே பார்வைதான் பார்ப்பாள்.

இப்போது உங்களிடம் சண்டை. 36 கிலோ பூசினாற்போல் இல்லை. பெட்டை லாப்ரடாருக்கு 25 முதல் 32 கிலோ வரை சரி. விலா மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதுபோல் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும், போண்டாவுக்குத் தெரியாது என்று இங்கிருந்தே சொல்கிறேன். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை வளர்த்துப் பார்த்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. நாய்க்கு இரண்டு வருடம் என்றால் எவ்வளவு என்று உங்கள் மகளுக்குப் புரியும், அவளுக்கே ஆறுதானே.

கணக்கைச் சொல்கிறேன். போண்டா இருக்க வேண்டிய எடை 28 கிலோ என்று வையுங்கள். கருத்தடை ஆகி, ஃபிளாட்டில் இருந்துகொண்டு, தினம் இரண்டு நடை போகும் நாய்க்கு நாளுக்கு 1,100 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாக இருக்கக்கூடாது, அதாவது 110. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25. ஆளுக்கு ஒன்றே ஒன்று என்று 18 பேர் கொடுத்தால் 450. இது வெறும் பிஸ்கட் கணக்கு, நெய் மினுங்கும் பொங்கலுக்கும் எண்ணெய் குடித்த வடைக்கும் நான் கணக்கு போடவில்லை. யாருமே அதிகம் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஒவ்வொருவரும் "நான் ஒரு துண்டுதான் குடுத்தேன்" என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். மறுநாள் காலை போண்டா முன்னங்காலை நீட்டித் தரையில் படிந்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், சோம்பல் முறிக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். கூடவே வாந்தியும் இருந்தால் கணையம் வீங்கியிருக்கலாம். நிறையக் கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் வருவது, சில நேரம் உயிரையே வாங்கும்.

உங்கள் சாப்பாட்டுப் பட்டியலையும் பார்த்தேன். சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சை இருக்கும். அம்மா தயிர்சாதத்திலும் திராட்சை போடுகிறவரா என்று கேளுங்கள், பல வீடுகளில் போடுவார்கள். பச்சையோ உலர்ந்ததோ, திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தனைக்குள் ஆபத்தில்லை என்று அளவே சொல்ல முடியாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்று நாலைந்தில் படுத்துவிடும். தின்றது தெரிந்தால் வாந்திக்குக் காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கத்தை விடுங்கள், அந்த உப்பே விஷமாகும்.

வெங்காயத்தின் கதை வேறு, அது அளவைப் பொறுத்தது. எடையில் கிலோவுக்கு 15 கிராம் தாண்டினால் ரத்தச் சிவப்பணு உடைய ஆரம்பிக்கும். போண்டாவுக்கு அது அரைக் கிலோவுக்கு மேல், பிரியாணியிலிருந்து அவ்வளவு போகாது. தம்பியின் ஷிட்சூவுக்கோ 90 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம். வதக்கினாலும் வறுத்தாலும் அதன் நஞ்சு போகாது. வெளுத்த ஈறும் காப்பி நிற மூத்திரமும் மூணு நாலு நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது பிறந்தநாள் யாருக்கும் நினைவிருக்காது. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். கேக்கில் கறுப்பு சாக்லெட்டோ கோகோ பவுடரோ இருந்தால் பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். வழியில் சுட்ட சோளம் வாங்கினால் தின்ற கட்டையை எண்ணித் திரும்ப வாங்குங்கள், லாப் முழுசாக விழுங்கிவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் அது பெரும்பாலும் வெளியே வராது. எச்சில் பாக்குமட்டைத் தட்டுகளைப் பையில் கட்டி டிக்கியில் பூட்டுங்கள். மரத்தடியில் வைத்த குப்பைப் பை போண்டாவுக்கு இரண்டாம் பந்தி.

நான் சொல்வது இதுதான்: நாய்க்கு ஊட்டும் கை அன்று ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அது அம்மாவின் கையாகவே இருக்கட்டும். அவரைத் தடுக்காதீர்கள், அதிகாரம் கொடுங்கள். கூடுதல் எடையில் பாதியை உங்கள் அம்மா ஏற்றியிருக்கலாம், மீதிப் பாதி யார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே டப்பா உங்களிடம் வேண்டாம்.

முந்தின இரவு, வெந்தபின் 60 கிராம் வரும் அளவுக்கு எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டைக்காய் அளவில் 36 துண்டாக நறுக்குங்கள். ஏறக்குறைய நூறு கலோரி. ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஐஸ் வைத்த பையில் அம்மாவிடம் கொடுங்கள். இன்னொரு டப்பாவில் வெள்ளரிக்காய்த் துண்டுகள். அவற்றில் கணக்குப் பார்க்க எதுவுமில்லை, கை ஓயாதவர்களுக்கு அது. யார் கொடுக்க ஆசைப்பட்டாலும் அம்மாவிடம் கேட்டு வாங்கித்தான் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு. டப்பா காலியானால் கடை மூடியாயிற்று. குழந்தைகள் துண்டை விரலால் நீட்டாமல் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கட்டும். ஷிட்சூவுக்கு வேறு டப்பா, வேறு மூலை. கீழே விழுந்த ஒரு வடைக்காக இரண்டும் மோதினால் 36 கிலோவுக்கும் ஆறு கிலோவுக்கும் நடப்பது சண்டையாக இருக்காது.

ஆறரைக்கே கிளம்புவதால் காலையில் போண்டாவுக்குச் சாப்பாடு வேண்டாம். போட்டால் வழியெல்லாம் வாந்தி எடுக்கலாம். அன்றைய சாப்பாட்டைச் சாயங்காலம் வீட்டில் போடுங்கள். காரில் நாய்க்கான சீட் பெல்ட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புக் கவசத்தில் (ஹார்னஸ்) மாட்டுங்கள்.

அம்மா தயிர்சாதம் கொடுத்தே தீருவேன் என்றால், தாளிப்பதற்கும் உப்பும் திராட்சையும் போடுவதற்கும் முன்னால் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஈடாக டப்பாவிலிருந்து பத்துத் துண்டை எடுத்து நீங்கள் தின்றுவிடுங்கள். உப்பில்லாமல்தான் இருக்கும்.

அன்புடன்.