முழு சார்ஜுடன் ஏற்காடு மலை இறங்கலாமா?

கேள்வி: மின்சார கார் வாங்கிய பின் குடும்பத்துடன் ஏற்காடு சென்று ஓர் இரவு தங்கினோம். விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்துடன் இறங்கத் தொடங்கினோம். சேலத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் தானாகவே வேகம் குறையும் கார், அன்று கொண்டை ஊசி வளைவுகளில் பிடிமானமே இல்லாமல் உருண்டது. வழி முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தோம். அடிவாரத்தில் நிறுத்தியபோது சக்கரத்தின் பக்கம் கருகிய வாடை அடித்தது. இது காரின் கோளாறா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கோளாறு இல்லை. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் கார் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆனால், இறங்கும் முன்பே இதைத் தெரிந்திருக்க வேண்டியது ஓட்டுநருக்கு மிக அவசியம். புதிய காரை ஒப்படைக்கும்போது ஷோரூமில் இதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இழுப்புதான் காரின் வேகத்தைக் குறைக்கிறது; இதையே ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், சுருக்கமாக ரீஜென், என்கிறோம். அனுப்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருந்தால்தான் இந்த இழுப்பு கிடைக்கும். பேட்டரிக்குள் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு லித்தியம் அயான் செல்லுக்கும் உச்ச மின்னழுத்தம் ஒன்று உண்டு. நிக்கல் கலந்த வகைக்கு அது பொதுவாக 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட். நிறைந்த செல்லுக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால் இந்த எல்லை மீறப்பட்டு, உள்ளிருக்கும் திரவம் சிதைவதும் செல் சூடேறுவதும் நேரும் என்பதால், பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு ரீஜெனைக் குறைத்துவிடுகிறது அல்லது முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. சில நிறுவனங்கள் உச்சியில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கிவைத்துவிட்டே திரையில் 100 என்று காட்டுவதால், எல்லாக் கார்களிலும் இது ஒரே அளவில் தெரிவதில்லை.

சேலத்தில் முழு சார்ஜுடன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். சமதளத்தில் சில கிலோமீட்டர் ஓடியதுமே கொஞ்சம் சார்ஜ் செலவாகி, ரீஜென் படிப்படியாகத் திரும்பிவிடும். மலை உச்சியில் நிலைமை நேர் எதிரானது. இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையே இல்லாததால் சார்ஜ் செலவாவதில்லை. பேட்டரியில் இடமும் உண்டாவதில்லை. ஆகவே முதல் வளைவில் கிடைக்காத ரீஜென் கடைசி வளைவிலும் கிடைக்காமல் போகலாம்.

அதன் அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நான்கு பேரும் சாமான்களுமாக 1,800 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 6 யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஒன்று, ஒன்றரை யூனிட் போனாலும், மீதி நாலரை யூனிட்டை யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். ரீஜென் வேலை செய்தால் அதில் 3 முதல் 4 யூனிட் வரை பேட்டரிக்குப் போய்ச் சேரும். ரீஜென் இல்லையென்றால் மொத்தமும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்கும். ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. நீங்கள் உணர்ந்த வாடை அதுதான். பெட்ரோல் காரில் ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். அந்த எஞ்சின் பிடிப்புக்கு ஈடாக மின்சார காரில் இருப்பது ரீஜென் ஒன்றே. கியர் குறைக்க வழி கிடையாது. நியூட்ரலில் போட்டால் இருக்கும் கொஞ்சநஞ்ச ரீஜெனும் போய்விடும் என்பதால், இறக்கத்தில் அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

என் கருத்தில், ஏற்காட்டில் சார்ஜை நிரப்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. 40 யூனிட் பேட்டரி உள்ள கார் சேலத்திலிருந்து நிறைந்த சார்ஜுடன் ஏறினால், 9 அல்லது 10 யூனிட் செலவாகி, முக்கால் பங்கு சார்ஜுடன் மேலே போய்ச் சேரும். ஏரி, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றினாலும், திரும்பும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். இறங்குவதற்குச் செலவே இல்லை. கீழே வரும்போது சில சதவீதம் கூடியே இருக்கும். ஏறும்போது சார்ஜ் மளமளவென்று குறைவதைப் பார்த்து எழும் பயத்தில்தான் பலர் இரவெல்லாம் சார்ஜரில் மாட்டிவிடுகிறார்கள். அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால், 80 சதவீதத்தில் நிற்கும்படி காரிலேயே வரம்பு வைத்துவிடுங்கள். இரும்பு பாஸ்பேட் பேட்டரியை அவ்வப்போது 100 வரை நிரப்பச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு; அதைச் சேலத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தவறிப்போய் நிறைந்த பேட்டரியுடன் இறங்க நேர்ந்தால், வேகத்தைத் தொடக்கத்திலிருந்தே குறைவாக வையுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். இடையிடையே டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ வாடை வந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி நன்றாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். உங்கள் காரின் பேடுகளை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டிலேயே குடியிருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கிளம்பினால், 60 சதவீத சார்ஜ் இருக்கும்போதுகூட ரீஜென் குறைவாகக் கிடைக்கிறது. கார் வேகமெடுப்பதில் மட்டும் குறையே இல்லை. ஏன் இப்படி?
– வாசகி, ஏற்காடு

பதில்: குளிர்தான் காரணம். அந்த மாதங்களில் அதிகாலை வெப்பநிலை 12, 13 டிகிரிக்கு இறங்குவதுண்டு. வெட்டவெளியில் இரவெல்லாம் நின்ற காரின் பேட்டரியும் அதே அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் ஒரு முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். குளிரில் அவை மெதுவாகவே நுழைவதால், வேகமாக மின்சாரத்தை அனுப்பினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கும். அளவு மீறினால் செல்லுக்குள் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் வழிவகுக்கும். மின்சாரத்தை வெளியே எடுக்கும்போது இந்த ஆபத்து இல்லை. அதனால்தான் கார் வேகமெடுப்பதைத் தடுக்காத அமைப்பு, ரீஜெனை மட்டும் கட்டுப்படுத்துகிறது. உறைநிலைக்குக் கீழே இக்கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருக்கும். ஏற்காட்டுக் குளிரில் நீங்கள் பார்ப்பது அதன் மிதமான வடிவம்தான்.

பேட்டரி பல நூறு கிலோ எடை கொண்டது என்பதால், கார் ஓடத் தொடங்கியதும் உடனே சூடாகிவிடாது. சார்ஜ் போடும்போது அது ஓரளவு சூடாகும். ஆகவே, முன்னிரவில் முடித்துவிடாமல், நீங்கள் கிளம்பும் நேரத்தை ஒட்டி 70, 80 சதவீதத்தில் முடியும்படி நேரம் குறித்துவிட்டால் வித்தியாசம் தெரியும். பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரீஜென் இருப்பதால் பிரேக் தேயவே தேயாது என்கிறார்கள். அப்படியானால் பிரேக் சர்வீஸ் தேவையா?
– வாசகர், குப்பனூர்

பதில்: கட்டாயம் தேவை. பேட் மெதுவாகத் தேயும் என்பது உண்மை. ஆனால், அதிகம் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ‘டாட் 4’ என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், பெடல் தரை வரை போனாலும் பிடிப்பு கிடைக்காது. குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்குபவர் என்றால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாராமல், கையேட்டில் குறித்துள்ள கால அளவுப்படி பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.