புதிய வண்டியும் ‘ரன்னிங் இன்’ (புது எஞ்சினைப் பழக்கும்) காலமும்: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): ஐயா, புதிதாக 150 சிசி வண்டி எடுத்திருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் வரை மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஷோரூமில் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. சிலிண்டரின் உட்சுவரை முற்றிலும் வழவழப்பாக்காமல், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இட்டுத்தான் தொழிற்சாலையில் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். அந்தக் கீறல்களின் மேடுகளும், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துவதைத்தான் ரிங் உட்காருவது என்கிறோம். ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஆக்சிலேட்டரை எப்போதும் சிறிதளவே திறந்து ஓட்டினால் அந்த அழுத்தம் போதிய அளவு கிடைக்காது. கீறல்களில் ஆயில் கருகிப் படிந்து சுவர் பளபளப்பாகிவிட்டால், அதன்பின் ரிங் உட்காருவது கடினம். வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும்.

ஆகவே எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டாவது, மூன்றாவது கியர்களில் ஏறக்குறையப் பாதி ஆக்சிலேட்டர் வரை சீராகத் திறந்து வேகமெடுங்கள்; பிறகு ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். ஹோண்டாவின் கையேடுகள் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலேட்டரில் கிளம்புவதையும் திடீரென வேகமெடுப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன. யமஹாவின் கையேடுகளோ முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு குறிப்பிட்ட எஞ்சின் சுழற்சி வேகத்துக்கு (ஆர்பிஎம்) மேல் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம் என்கின்றன. நாற்பது என்ற கட்டுப்பாட்டுக்குப் பயந்து ஐந்தாவது கியரில் எஞ்சினைத் திணறத் திணற ஓட்டுவோரை அடிக்கடி காண்கிறேன். குறைந்த சுழற்சியில் அதிகப் பளு ஏற்றுவது பேரிங்குகளுக்கு நல்லதல்ல. அந்த நேரத்தில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): தினமும் காலையில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுச் சூடேற்றலாமா?

பதில்: வேண்டாம். அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுங்கள். ஐடிலிங்கில் ரிங்குகளுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது.

கேள்வி (தாம்பரம்): வண்டி வந்த வாரமே ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். ஈசிஆரைப் போன்ற நேரான சாலையில் கை தானாகவே ஒரே நிலையில் நின்றுவிடும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, மாமல்லபுரத்தில் ஒரு முறையும் மரக்காணத்தில் ஒரு முறையும் நிறுத்தி எஞ்சினை ஆற விடுங்கள். புதிய டயரின் மேற்பரப்பு முதல் நூறு கிலோமீட்டர் வரை சற்று வழுக்கும் என்பதால், வளைவுகளில் வண்டியை அதிகம் சாய்க்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): முதல் சர்வீஸில் வடித்த ஆயில் வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மின்னியது. எஞ்சினில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ரிங்குகளும் கியர்களும் பொருந்தும்போது தேய்ந்த உலோகம்தான் அது. முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான். வடித்த ஆயிலில் சில சொட்டுகளை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் காட்டுங்கள். மினுமினுப்பு மட்டும் தெரிந்து, விரல்களுக்கிடையே தேய்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் கவலை வேண்டாம். நகத்தில் சிக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால், அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்று சர்வீஸ் நிலையத்தில் காட்டி, பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): மாமா தன் காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயில் மீதம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் கார் ஆயிலில் இருந்தால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருக்கிறதா, தடிமன் எண் கையேட்டில் உள்ளதுதானா என்று பார்த்து வாங்குங்கள். எம்பி என்றிருப்பது உலர் கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது.

கேள்வி (சேலம்): பழைய வண்டிக்கு ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) புதிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். இதற்கும் ரன்னிங் இன் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும், புதிய வண்டியைவிடக் கூடுதல் கவனத்துடன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் விட வேண்டிய இடைவெளி பட்டறைக்குப் பட்டறை மாறிவிடுகிறது. இடைவெளி குறைவாக இருந்தால் காற்றால் குளிரும் எஞ்சினில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். முதல் சில நாட்கள் பின்னால் ஆள் ஏற்றாமல் குறுகிய தூரங்களே ஓட்டி, ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். ஓடும்போது வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தோன்றினால், ஆக்சிலேட்டரை மேலும் முறுக்காமல் உடனே கிளட்சைப் பிடித்துவிடுங்கள். பின்சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். ஓரமாக நிறுத்தி, எஞ்சின் முழுவதும் ஆறும் வரை கிக்கரை மிதிக்காதீர்கள்.